போட்டோவில் இருந்த போலீஸ்காரர்

அத்தியாயம் 11

காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பத்தி பொருத்தி வைப்பதற்குள் விஜிலா வந்து நின்றாள்.

"அக்கா, கால் கிலோ உளுந்து."

கேட்டது உளுந்து, கண் இருந்தது செல்லத்தாயின் முகத்தில். நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்த பிறகும் விஜிலா நகரவில்லை.

"இந்து காலேஜுக்குப் போயிட்டாளாக்கா?"

"இனிதான் போவா."

"பாவம் பிள்ள. நான்கூட எங்க வீட்டுக்காரவகிட்டச் சொன்னேன். அது அப்படிப்பட்ட பிள்ள இல்ல, ஏதோ வயசுக் கோளாறுல அந்தப் போலீஸ்காரங்கிட்ட ஏமாந்துட்டுன்னு. அவன் கல்யாணம் ஆனவனாம்லா? ரெண்டு பிள்ளையாம்."

செல்லத்தாய் தராசுத் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

"ஆளப் பாத்தாலே தெரியுதுக்கா. அந்த மீசையும் மூஞ்சியும்! முழிக்கிற முழியே சரியில்ல."

"ஏளா விஜிலா, உளுந்து வாங்கியாச்சுல்லா?"

"வாங்கியாச்சுக்கா."

"அப்ப இடத்தக் காலி பண்ணு. நான் யாவாரம் பாக்கணும்."

விஜிலா முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். செல்லத்தாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் போலீஸ்காரனுக்குக் கல்யாணம் ஆனது உண்மை. இரண்டு பிள்ளைகள் என்பதும் உண்மை. முழி சரியில்லை என்பதை மட்டும் அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அது அவளுடைய முழி.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு அந்த மீசையின் கதை தெரியும். இன்றைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் சொல்லிவிடுவதில் தப்பில்லை.

தென்கோடிப் புதுக்கோட்டையில் திருநெல்வேலி ரோட்டைப் பார்த்த மளிகைக்கடை ராஜதுரையுடையது. அவர் மனைவிதான் செல்லத்தாய். மகன் செந்தில்முருகன் சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறான். போன வருஷம் அவன் வேனில் ஏற்றிய மூட்டைகள், கள்ளத்தனமாகப் படகேறிக் கடல் தாண்டப் போகிற பீடி இலை என்று போலீஸ் பிடித்தது. மூட்டையில் என்ன இருந்தது என்றே தனக்குத் தெரியாது என்று அவன் சத்தியம் செய்தான். சரக்குக்காரன் அகப்பட்ட பிறகுதான் செந்திலை வழக்கில்லாமல் விட்டார்கள். அவன் ஸ்டேஷனில் கிடந்தபோது தசராவுக்கு ஊரே வேஷம் கட்டித் தர்மம் எடுத்துப் போகிற குலசேகரன்பட்டினத்துக் குலசை அம்மனிடம் செல்லத்தாய் நேர்ந்துகொண்டாள். 'எந்தக் காக்கிச்சட்டையைப் பார்த்து என் குலை நடுங்கியதோ, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு மூன்று தசராவுக்குத் தெருத்தெருவாகத் தர்மம் எடுக்கிறேன் தாயே, என் பிள்ளையை விட்டுவிடு.'

அம்மன் விட்டாள். செல்லத்தாயும் வாக்கு மாறவில்லை. உள்ளூர்த் தசராக் குழுவோடு போனால் எதற்கு இந்த வேஷம் என்று கேட்பார்களே என்று, யாரும் அறியாத வெளியூர்க் குழு ஒன்றோடு சேர்ந்துகொண்டாள். மாலை போட்டு விரதமிருந்து, காக்கிச்சட்டை, தொப்பி, ஒட்டு மீசையோடு குலசேகரன்பட்டினம் போனாள். துணைக்கு மகனும் மகளும் போனார்கள். கடற்கரையில் விரதத்தின் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது முதல் உருண்டையை மகள் வாயில் ஊட்டினாள். நடந்தது அவ்வளவுதான். அதைத்தான் யாரோ போட்டோ பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் போட்டோ அத்தனை மாதமும் சும்மா கிடந்தது. இந்துமதி கல்லூரி மாணவர் தலைவர் பதவிக்கு மனுப் போட்டாள், அது கிளம்பிவிட்டது. மேளக்காரர், காளி வேஷக்காரர், தர்மத் தட்டு எல்லாம் இருந்த பக்கங்களை நறுக்கி எறிந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது, மீசைக்காரப் போலீஸ் ஒருவர் ஒரு இளம்பெண்ணுக்குச் சோறு ஊட்டுகிறார், அவள் நேரே பார்த்துச் சிரிக்கிறாள். தசரா சமயத்தில் பார்த்தால் பால்குடிப் பிள்ளைகூட வேஷம் என்று சொல்லும். ஆடி மாதத்தில் யாருக்குத் தசரா நினைப்பு வரும்?

போட்டோவுக்குக் கண் காது மூக்கு வைத்ததில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. போன மாதம் கல்லூரி வாசலில் சைலன்சரைக் கழற்றிவிட்டு அலறவிட்ட பையன்களின் பைக்குகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனதே, அதைக் காட்டிக்கொடுத்தவளும் இவள்தானாம். கள்ளக்காதலி, போலீஸ் உளவாளி, இரண்டு பட்டமும் ஒரே வாரத்தில். அந்தப் பெண் தேர்தலில் நின்று கேட்டதோ, லேப் முடிந்து இருட்டில் ரோட்டோரம் நிற்கிற பெண்பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு பஸ்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளேயிருந்து ராஜதுரையின் சத்தம் கேட்டது. செல்லத்தாய் கல்லாப்பெட்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாளாம்லா? நேரா போயி வாபஸ்னு எழுதிக் குடுத்துட்டு வா," என்றார் ராஜதுரை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார், மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "சாயங்காலம் ஆறுமுகநேரிக்காரவ வாராவ. உங்கண்ணனுக்குத் தேதி குறிக்கப் போறோம். இந்த நேரத்துல நீ எலெக்சன்ல நிக்கேன்னு போஸ்டர் ஒட்டிட்டுத் திரியாத."

"எப்பா, அந்தப் போட்டோல இருக்கது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ளா. தெரிஞ்சு என்ன செய்ய? உங்கம்மான்னு சொன்னா, எதுக்குப் போலீஸ் வேஷம் நேந்தான்னு கேப்பானா மாட்டானா? உங்கண்ணன் ஸ்டேஷன்ல இருந்த கதைய நானே மைக் வச்சுச் சொல்லணுமா?"

"என் கதைய மட்டும் ஊரு மைக் வச்சுச் சொல்லலாமா?"

செந்தில்முருகன் சுவரோரம் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான். "ரெண்டு நாள் பேசுவானுவ. அப்புறம் மறந்துருவானுவ."

"அப்ப உன்னைப் பத்தியே ரெண்டு நாள் பேசட்டும்ண்ணே. மறந்துருவானுவல்லா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா இருக்கிறது என்று கேட்க வேண்டும் போலிருந்தது செல்லத்தாய்க்கு. ஆனால் அவள் வாயிலும் அதுதான் இருந்தது.

இந்துமதி அம்மாவைப் பார்த்தாள். "எம்மா, நீ சொல்லு."

போன வாரமே ராஜதுரை மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தேதி குறித்துத் தட்டு மாற்றும்வரை மூச்சுக் காட்டக் கூடாது. செல்லத்தாய் முந்தானையைக் கையில் சுருட்டினாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கயேன்ளா. தட்டு மாத்திட்டா அப்புறம்..."

சொல்லி முடிக்கவில்லை, தன் நாக்கைத் தானே கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது.

இந்துமதி அழுவாள் என்று செல்லத்தாய் நினைத்தாள். அவள் அழவில்லை. ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "நான் வாபஸ் வாங்க மாட்டேன். உன் பேரையும் சொல்ல மாட்டேன். அண்ணன் கல்யாணம் நடக்கட்டும். போதுமா?"

வண்டி கிளம்பிய சத்தம் ரோட்டுச் சத்தத்தோடு சேர்ந்து மறைந்தது. "பிடிவாதம் பிடிச்ச கழுத," என்றார் ராஜதுரை. செல்லத்தாய் வரப்போகிறவர்களுக்கு வடைக்கு ஊறப்போடப் போனாள்.

நம் வீடுகளில் நடக்கிற நியாயத்தைப் பாருங்கள். ஆண்பிள்ளை ஸ்டேஷனில் படுத்து எழுந்தால் அவனுக்கு நேரம் சரியில்லை. பெண்பிள்ளை ஒரு வாய்ச் சோறு வாங்கித் தின்றால் அவளுக்கு நடத்தை சரியில்லை. நேரத்தை மூடி மறைக்க நடத்தையைத் தூக்கிக் கொடுக்கலாம், அதற்குப் பேர் குடும்ப கௌரவம். செல்லத்தாய்க்கு இதை இப்படிக் கோவையாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவள் பருப்பை அரைத்த அரைப்பில் மிக்சி நின்றுபோனது.

மதியம் போன் அடித்தது. இந்துமதியின் தோழி ஸ்டெபி, பெரியதாழை ஊர்ப் பெண். இந்துமதியின் மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் காலேஜுக்கு வர முடியுமா?"

"என்னளா? இந்துக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ கல்லு மாதிரி இருக்கா, எனக்குத்தான் தாங்கல. நோட்டீஸ் போர்டுல அந்தப் போட்டோவை ஒட்டி வச்சிருக்கானுவ. இவ நடந்து போனா ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு சல்யூட் அடிக்கானுவ ஆன்ட்டி. கேன்டீன்ல போனாலும் சல்யூட், லைப்ரரில போனாலும் சல்யூட். வாத்தியார்மார் பாத்துட்டுச் சிரிச்சிட்டுப் போறாங்க."

செல்லத்தாய் மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பிரின்சிபால் கூப்பிட்டு, நீயே ஒதுங்கிட்டா காலேஜ் பேரு கெடாதுன்னு சொல்லிட்டாராம். சாயங்காலம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள முடிவு சொல்லணும். அது யாருன்னு ஒரு வார்த்தை சொல்லுளான்னு காலையிலேர்ந்து கேக்கேன், எங்கிட்டக்கூட சொல்ல மாட்டேங்கா." ஸ்டெபி மூக்கை உறிஞ்சினாள். "யாரா இருந்தா எனக்கென்ன ஆன்ட்டி? எவனா இருந்தாலும் சரி, நான் அவகூடத்தான் நிப்பேன். ஆனா வீட்லேர்ந்து யாராவது வந்து பக்கத்துல நின்னா நல்லாருக்கும்."

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதுக்குள்ளேயே நின்றது. யாரென்று தெரியாத பிள்ளை கூட நிற்கிறது. யாரென்று தெரிந்த தாய் வடை தட்டிக்கொண்டிருக்கிறாள். சீ, என்ன பிழைப்பு இது என்று செல்லத்தாய் வாய்விட்டே சொன்னாள்.

உடனே கிளம்பியிருப்பாள். ஆனால் சாயங்காலம் என்று சொன்னவர்கள், ராகுகாலத்துக்கு முந்தியே பேசி முடித்துவிடலாம் என்று அப்போதே வந்து இறங்கிவிட்டார்கள்.

பெண்ணுக்கு அப்பா பாண்டித்துரை, ஆறுமுகநேரியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி சுடலைமாடத்தி அதிகம் பேசாதவள். பெண் இசக்கிசெல்வி வரவில்லை, வருவதும் வழக்கமில்லை. கொண்டுவந்த பழத்தட்டை நடுவில் வைத்தார்கள். இந்த வீட்டுத் தட்டும் எதிரே இருந்தது. தேதியைச் சொல்லி இரண்டையும் மாற்றிக்கொண்டால் காரியம் முடிந்தது.

பாண்டித்துரை முந்திரி மக்ரூன் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அது கரையும்வரை காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. பொண்ணு குடுக்குற இடம், நாலும் விசாரிக்கணும்லா. உங்க சின்னவளப் பத்தி எங்க பக்கம் ஒரு பேச்சு வந்துச்சு. போட்டோகூட வந்துச்சு."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த செல்லத்தாயின் கை நின்றது. ராஜதுரை என்ன சொல்வார் என்று காது முழுக்க அங்கேயே இருந்தது. வேண்டாதவர்கள் கட்டிவிட்ட கதை என்று சொல்லலாம். போட்டோ பொய் என்று சொல்லலாம். என் மகளை எனக்குத் தெரியும் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும்.

ராஜதுரை மென்று முழுங்கினார்.

"சின்னப் பிள்ள, தெரியாத்தனமா நடந்து போச்சு. நான் நல்லாக் கண்டிச்சிட்டேன். எலெக்சனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு வாபஸ் வாங்கச் சொல்லியாச்சு. படிப்பு முடிஞ்சதும் ஒரு இடத்துல கட்டிக் குடுத்துருவோம்." கொஞ்சம் நிறுத்தினார். போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "அந்த ஆளையும் கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டாச்சு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான்."

அந்த ஆளையும் கண்டித்தாகிவிட்டதாம்!

செல்லத்தாய் காபி டம்ளர்களை அப்படியே அடுப்பு மேடையில் வைத்தாள். அறைக்குள் போனாள். நேர்ச்சை இன்னும் இரண்டு தசராவுக்கு இருப்பதால் பீரோவின் அடித்தட்டில் காக்கிச்சட்டை துவைத்து மடித்து வைத்திருந்தது. சேலைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டாள். தொப்பியை எடுத்து வைத்தாள். ஒட்டு மீசையில் பசை காய்ந்துபோயிருந்தது. அடுக்களைக்கு வந்து நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி மீசையில் தடவி மூக்குக்குக் கீழே அழுத்தினாள்.

கூடத்துக்கு வந்து நடுவில் நின்றாள்.

பாண்டித்துரையின் கையில் இருந்த இரண்டாவது மக்ரூன் மடியில் விழுந்தது.

"இவர்தான் அந்த ஆளு," என்றாள் செல்லத்தாய். "கண்டிச்சிட்டேன்னு சொன்னியள்லா? எப்பக் கண்டிச்சிய? எனக்கு ஞாபகம் இல்ல. இப்பக் கண்டிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"செல்லத்தாயி, உள்ள போ," என்றார் ராஜதுரை.

"போவ மாட்டேன். சம்பந்தி, நல்லாப் பாத்துக்கிடுங்க. கல்யாணம் ஆன ஆளு, ரெண்டு பிள்ள. ஒண்ணு இந்தா உங்க முன்னால மாப்பிள்ளையா உக்காந்திருக்கு. இன்னொண்ணு காலேஜ்ல தனியா நிக்கி, போறவன் வாரவனெல்லாம் அதுக்கு சல்யூட் அடிக்கான். பெத்தவ பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்டுனேன். அதுக்கா இந்தப் பேச்சு?"

முதலில் பாண்டித்துரைதான் சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். "தசரா வேஷமா! அட, இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி! நான் என்னமோ ஏதோன்னு..."

ராஜதுரையும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத்தான் இருந்தது.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த சுடலைமாடத்தி மெதுவாகக் கேட்டாள். "எதுக்கு மதினி போலீஸ் வேஷம் நேந்திய?"

கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. யாரும் கேட்கிற கேள்விதான். ராஜதுரை கண்ணாலேயே கெஞ்சினார். கனவில் அம்மன் சொன்னாள் என்று ஒரு வார்த்தை போதும், பூசி மெழுகிவிடலாம். ஒரு வருஷமாக அதைத்தானே செய்கிறாள்.

செல்லத்தாய் மகனைப் பார்த்தாள். அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இந்தப் பிள்ளைக்காக அம்மனிடம் கைநீட்டிப் பிச்சை எடுத்தாள், அதில் அவளுக்கு வெட்கமில்லை. அதை மறைக்க இன்னொரு பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தியதுதான் வெட்கம்.

சொன்னாள். வேன், மூட்டை, ஸ்டேஷன், எல்லாவற்றையும் சொன்னாள். கோயம்புத்தூருக்கு லோடு ஏற்றப் போயிருக்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள். "அவன் தப்பு செய்யல. ஆனா நாங்க மறைச்சோம். அதுதான் தப்பு. உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும், தெரியாமப் பொண்ணு குடுக்கக் கூடாது."

பாண்டித்துரை எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "யோசிச்சுச் சொல்லுதோம் அண்ணாச்சி."

தட்டு மாற்றவில்லை. கொண்டுவந்த பழத்தட்டையும் எடுக்கவில்லை. சுடலைமாடத்தி மட்டும் வாசலில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, காரில் ஏறினாள்.

"மகன் வாழ்க்கைல மண்ண அள்ளிப் போட்டுட்டியே பாவி!" என்று கத்தினார் ராஜதுரை.

"மக வாழ்க்கைல நீங்க அள்ளிப் போட்டீயளே, அது என்ன, சீனியா?"

கட்டிய நாளிலிருந்து அவள் அவரை எதிர்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

செந்தில்முருகன் எழுந்து பைக் சாவியை எடுத்தான். அடிக்கப் போகிறானா, அழப் போகிறானா என்று செல்லத்தாய்க்குத் தெரியவில்லை.

"ஏறும்மா," என்றான். "ஆபீஸ் மூடிருவான்."

சட்டையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அப்படியே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பைபாஸில் எதிர்க்காற்று அடித்தது. ஒரு கையால் தொப்பியையும் மறுகையால் மீசையையும் பிடித்துக்கொண்டாள். தாண்டிப்போன பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

வழியில் செந்தில் ஒருமுறை வேகத்தைக் குறைத்தான். "எம்மா..." என்றான்.

"என்னலே?"

"ஒண்ணுமில்ல."

கல்லூரி வாசலில் அவன் வண்டியோடு நின்றுகொண்டான். "நீ போம்மா. நான் இங்கன நிக்கேன்."

வாட்ச்மேன் தொப்பியைப் பார்த்து எழுந்து நின்றார், சேலையைப் பார்த்து உட்கார்ந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் எழுந்தார். செல்லத்தாய் அவரைத் தாண்டி உள்ளே போனாள். வராந்தா ஓரம் பையன்கள் கூட்டமாக நின்றார்கள். அவள் நேரே அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"இங்கன சல்யூட் அடிக்கிற பிள்ளைய யாருப்பா?"

ஒருவன் நோட்டீஸ் போர்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் போர்டைப் பார்த்தான்.

"நான்தான் அந்தப் போலீஸ்காரன். இந்துமதிக்கு அம்மா. குலசைக்கு நேந்து வேஷம் கட்டுனேன். என் மகளுக்கு அடிச்ச சல்யூட்ட எனக்கு அடிங்கலே, பாக்கேன்!"

ஒரு கையும் எழும்பவில்லை. பின்வரிசை மெல்லக் கலைந்தது. முன்னால் நின்றவனுக்கு நகரவும் வழியில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்டெபி எங்கிருந்தோ ஓடிவந்து, "ஆன்ட்டி, நீங்களா! நீங்களா அது!" என்று சிரிப்பும் அழுகையுமாக அவளைக் கட்டிக்கொண்டாள். போர்டில் இருந்த போட்டோவைக் கிழித்தவளும் அவள்தான்.

செல்லத்தாயின் நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

இந்துமதி ஆபீஸ் படியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் லேப் கோட்டோடு ஏழெட்டுப் பெண்கள். அம்மாவைப் பார்த்து அவள் ஓடிவரவில்லை. முகத்தில் சிரிப்பில்லை.

"எதுக்கும்மா வந்த?"

"சொல்லிட்டேன்ளா. ஆறுமுகநேரிக்காரவகிட்டயும் சொல்லிட்டேன், இங்கனயும் சொல்லிட்டேன். இனிமே ஒருத்தனும் உன்ன ஒரு வார்த்த சொல்ல முடியாது."

"நான் இப்பத்தான் பிரின்சிபால்கிட்டப் பேசிட்டு வாரேன். வாபஸ் வாங்க மாட்டேன், அந்தப் போட்டோல யாருன்னு சொல்லவும் மாட்டேன்னு சொன்னேன். இவளுவளும் கூட வந்து நின்னாளுவ. யாருன்னு ஒருத்திகூடக் கேக்கல. எங்களுக்குப் பஸ்தான் வேணும்னு சொன்னாளுவ." இந்துமதியின் குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்கியது. "அவர் பதில் சொல்ல முடியாம உக்காந்திருந்தாரும்மா. இப்ப நீ மீசையோட வந்து நின்னுட்ட. அட, அம்மாவான்னு எல்லாவனும் சிரிச்சிட்டுப் போயிருவான். செஞ்சது தப்புன்னு ஒருத்தனுக்கும் தோணாது."

"நான் உனக்காகத்தான்ளா..."

"தெரியும். ஆனா நாளைக்கு இவளுவள்ல ஒருத்தி எலெக்சன்ல நிப்பா. அவ போட்டோல நிசமாவே ஒரு ஆம்பள இருப்பான். கூடப் படிக்கிறவனா இருக்கலாம், அவளுக்குப் பிடிச்சவனா இருக்கலாம். அவளுக்கு யாரும்மா மீசை ஒட்டிட்டு வருவா?"

இத்தனை நாளும் செல்லத்தாயின் வயிறு எரிந்ததெல்லாம் போட்டோவில் இருப்பது தான்தானே என்றுதான். வேறு ஒருவனாக இருந்திருந்தால்? விஜிலாவோடு சேர்ந்து தானும் தலையை ஆட்டியிருப்போம் என்று பட்டது. அது அவளுக்கு உறைத்தது. வராந்தாவில் நிமிர்ந்த நெஞ்சு இறங்கிப்போனது.

மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஆபீஸ் கதவை இழுத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது. நேரம் முடிந்துவிட்டது. இந்துமதி களத்தில் நிற்கிறாள், இனி யாரும் அவளை இறக்க முடியாது.

மகள் ஒரு படி இறங்கி வந்தாள். அம்மாவின் மேலுதட்டில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் எடுத்துவிட்டாள்.

"சோத்த வச்சா ஒட்டுன?"

"பசை காஞ்சிட்டுளா."

அப்போதுதான் இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு இந்துமதியின் முகத்தில் நிலைக்கவில்லை.

"எம்மா, அந்தப் போட்டோவை எத்தனை தடவை பாத்திருப்ப?"

"அது கெடக்கு சவம். ஏன்?"

"அதுல நான் எங்க பாத்துச் சிரிக்கேன்?"

"நேராத்தான். போட்டோ பிடிக்கிறவனப் பாத்து..."

செல்லத்தாய் பாதியில் நிறுத்தினாள். இத்தனை நாளும் அந்தப் போட்டோவில் அவள் தன் மீசையை மட்டும்தான் பார்த்தாள். மகளின் கண்ணைப் பார்க்கவில்லை. தெரியாத எவனோ போனைத் தூக்கிப் பிடித்தால் இந்துமதி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படி வாய்நிறையச் சோற்றோடு அவள் யாரைப் பார்த்துச் சிரிப்பாள்? அன்றைக்குக் கடற்கரையில் அவர்களுக்கு நேர் எதிரே, போனும் கையுமாக, இன்னும் கொஞ்சம் சிரிளா என்று சொல்லிக்கொண்டு நின்றவன் ஒரே ஒருவன்தான்.

"நானும் இன்னைக்குத்தான்மா கவனிச்சேன், அந்தப் போர்டு முன்னால நின்னப்ப," என்றாள் இந்துமதி. "அவன் இத யாருக்கு அனுப்புனான்னு கேளு."

செல்லத்தாய் திரும்பி வாசலைப் பார்த்தாள். பைக்கில் சாய்ந்து செந்தில்முருகன் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் கண் தன்மேல் விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.